பிளக்கை மாட்டியது யார்?

அந்த அலறல் தெருக்கோடி வரை கேட்டது.

அலறியவள் பல் டாக்டரின் மனைவி. கணவனோடு கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவள், காய்ந்த துணியை எடுக்கப் பின்வாசலுக்குப் போனாள். ட்ரெய்லர் வண்டியில் நின்றிருந்த படகு, உள்ளே தண்ணீர் தளும்ப, பின்பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

கிரீஸ் படிந்த கால்சட்டை... படகு மெக்கானிக்!

இன்ஸ்பெக்டர் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவர் முகம் சரியில்லை.

"தலை இருக்க வேண்டிய இடத்துல தலை இல்லைய்யா. துணி போட்டு மூடு," என்றார் கான்ஸ்டபிளிடம்.

படகைத் தூக்கி உடலை எடுத்தார்கள். சட்டைப்பையில் ஒரு ரப்பர் பிளக். இடுப்பில் பின்வாசல் கதவின் சாவி.

"டாக்டர், நீங்க இவனை வரச் சொன்னீங்களா?"

"இல்லையே சார்."

"அப்புறம் சாவி எப்படி இவன்கிட்ட?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். பாவம்... ஆசை வைத்தவன் கூழாகிக் கிடக்கிறான், அவளால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

படகு நிறையத் தண்ணீர் எப்படி வந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். டாக்டர் நிதானமாக விளக்கினார். படகின் பின்பக்க அடியில் ஒரு சிறு துளை உண்டு. ட்ரெய்லரில் நிறுத்தும்போது பிளக்கைக் கழற்றி வைத்தால் மழைத்தண்ணீர் வடிந்துவிடும். ஏரியில் இறக்கும் முன்பு மாட்ட வேண்டும். இந்த முறை மாட்டியபடியே நிறுத்திவிட்டாராம். தார்ப்பாயும் கிழிந்திருந்ததாம். மழையோ விட்டபாடில்லை.

அவ்வளவு பாரத்தையும் தாங்கி நின்றது பின்னாலிருந்த முட்டுக்கட்டை ஒன்றுதான். துளை அதற்குப் பின்னால் மறைந்திருந்தது. துளையைத் தொட வேண்டுமென்றால் கட்டையை உருவ வேண்டும். காலிப் படகென்றால் ஒன்றும் ஆகாது. மெக்கானிக் எப்போதும் அப்படித்தான் உருவுவான்.

இன்றும் உருவினான்!

துளையில் பிளக் மாட்டியிருப்பதை அதற்குப் பிறகுதான் பார்த்திருப்பான். அவன் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

"பொய் சார்," என்று மனைவி குறுக்கே விழுந்தாள். "இவர் எப்பவும் கழட்டித்தான் வைப்பார். வேணும்னே மாட்டியிருக்கார்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "துளை திறந்திருந்தா எலி பூந்துடும்னு வருஷக்கணக்கா நச்சரிச்சது நீதானே? முதல் தடவையா உன் பேச்சைக் கேட்டேன். அதுவும் தப்பா?"

கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"ஏம்மா, இவன் இன்னைக்கு வந்து படகுக்கு அடியில படுப்பான்னு உங்க வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?"

அவள் வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள். சொன்னால் அவள் மாட்டுவாள். சொல்லாவிட்டால் புருஷன் தப்புவான்.

இன்ஸ்பெக்டர் ரப்பர் பிளக்கை விரலில் உருட்டினார். சுற்றிலும் யாரோ பிளேடால் சீவியிருந்தார்கள்.

"அளவு பார்க்க வந்திருக்கான். இதை மாட்டினா ஏரி நடுவுல தானா கழண்டுக்கும். டாக்டர், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அது இன்னும் யாருக்குத் தெரியும்?"

டாக்டர் மெக்கானிக்கின் சாவி வளையத்தில் தொங்கிய குட்டி மீன் பொம்மையையே பார்த்தார். அதே பொம்மையின் ஜோடி மனைவியின் கைப்பையில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் உடைந்து போனாள். அழுகையும் ஒப்புதலுமாக எல்லாம் கொட்டியது.

ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் வழக்கமாகப் போடும் மாத்திரையைக் கொடுப்பதற்காக டாக்டர் ஜன்னலருகே குனிந்தார். அவள் மெல்லக் கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"போன வாரம் கடைவாய்ப்பல் பிடுங்க வந்தான். மயக்கத்துல மொத்தத்தையும் உளறிட்டான். தார்ப்பாயைக் கிழிச்சேன், பிளக்கை மாட்டினேன், மழை பத்தலைன்னு ஹோஸ் போட்டு நிரப்பினேன். போய்ச் சொல்லேன், உன்னை யார் நம்புவாங்க?"

"இவ்வளவு விஷமா உங்களுக்குள்ள?"

டாக்டர் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"பல் டாக்டர்டி நான். ஓட்டையைப் பார்த்தா அடைக்காம விட மாட்டேன்!"