மாடியேறிய கூடை

கீச்சு என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. கோபம் வந்தால் அவள் குரல் கீச்சென்று உயர்ந்துவிடும். அதைக் கேட்டுச் சித்தி வைத்த செல்லப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சித்திக்குச் சலவை வேலை. பக்கத்து மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அவளிடம்தான் வரும். துவைக்கும் இயந்திரம் தரைத்தளத்தில் இருந்தது. துணி காயப்போடும் கொடியோ மொட்டைமாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஈரத்துணிக் கூடையை வலது தோளில் ஏற்றிக்கொண்டு சித்தி படியேறுவாள். ஒவ்வொரு தளத்திலும் சுவரில் சாய்ந்து நிற்பாள்.

"மூச்சு வாங்குதா சித்தி?" என்று கீச்சு கேட்டால், "இல்லடி, மூச்சைக் கொஞ்சம் காத்தாட விடறேன்" என்பாள்.

பள்ளியில் எளிய இயந்திரங்கள் பற்றிய போட்டி வந்தது. கீச்சு காலி நூல்கண்டுகளில் கப்பி செய்தாள். கூழாங்கல் நிரப்பிய தீப்பெட்டியை நூலில் தொங்கவிட்டு, ஒரே விரலால் இழுத்து மேலே ஏற்றிக் காட்டினாள். விளக்கத்தையும் திக்காமல் திணறாமல் சொன்னாள். முதல் பரிசு அவளுக்குத்தான்.

வீட்டு மேசையில் அந்தக் கப்பியை அவள் வைத்தபோது, கூடையோடு படியேறிக்கொண்டிருந்த சித்தி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அழகா இருக்கே. இது எதுக்குடி?"

"வேலையைச் சுலபமாக்க, சித்தி."

"எந்த வேலையை?"

சான்றிதழைச் சுவரில் எங்கே மாட்டலாம் என்று கீச்சு பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "அதெல்லாம் உனக்குப் புரியாது சித்தி" என்றாள்.

சித்தி கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டு மேலே போனாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில், படிக்கட்டில் தொப்பென்று சத்தம் கேட்டது. கீச்சு ஓடிப் பார்த்தாள். படியெல்லாம் வெள்ளை விரிப்புகள். அவற்றின் நடுவே, வலது தோளைப் பிடித்தபடி சித்தி உட்கார்ந்திருந்தாள்.

"துணியெல்லாம் அழுக்காயிடுச்சு, மறுபடி துவைக்கணும்" என்றாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

தோளில் தசைநார் கிழிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். வலி குறையுமாம். ஆனால், அந்தக் கை இனி தோளுக்கு மேலே உயராதாம்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா, போகும் முன்னும் வந்த பின்னும் கூடையைச் சுமந்தாள். ஒருநாள் அம்மாவுக்கு உதவலாமென்று கீச்சு கூடையைத் தூக்கினாள். முதல் தளம் வருமுன்பே இறக்கி வைத்துவிட்டாள். அங்கேயே படியில் உட்கார்ந்தாள்.

'கப்பியைக் கொண்டு கனமான பொருளை உயரத்துக்கு எளிதாக ஏற்றலாம்.' நடுவர்கள் முன்னால் அவள் சொன்ன வரிதான். கனமான பொருள் வீட்டிலேயே இருந்தது. உயரமும் வீட்டிலேயே இருந்தது. அவளோ தீப்பெட்டிக்குக் கூழாங்கல் பொறுக்கப் போயிருந்தாள்.

நேரே சித்தியின் கட்டிலுக்குப் போனாள்.

"சித்தி, அன்னிக்கு உனக்குப் புரியாதுன்னு சொன்னேன்ல."

"சொன்னியா? எனக்கு ஞாபகமே இல்லையே."

ஞாபகம் இருக்கிறது என்று கீச்சுவுக்குத் தெரிந்தது. சித்திக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்லும்போது போர்வையின் நுனியைச் சுருட்டுவாள்.

கீச்சு தரைத்தளத்துக்கு இறங்கினாள். அங்கே இரும்பு வேலைப் பட்டறை வைத்திருந்த வெல்டர் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"கப்பி மாட்டணுமா? எங்க?"

"மாடித் தண்ணித் தொட்டிக்கு இரும்புத் தாங்கி இருக்குல்ல, அதுல. கூடை வெளிப்பக்கமா ஏறணும்."

"மாட்டறது என் வேலை. நீ விளிம்புப் பக்கமே வரக்கூடாது. கீழ நின்னு கயித்தைப் பிடி, போதும்."

அக்கா மாடியில் கப்பியைப் பொருத்தினார். கீழே கீச்சு கூடையைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை இழுத்தாள். கூடை அசையவில்லை. முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கினாள். கூடை தரையிலேயே இருந்தது. கீச்சுவின் கால்கள்தான் தரையைவிட்டு எழுந்தன.

மேலிருந்து அக்கா சிரித்தார். "எதைக் காயப்போடணும், துணியையா உன்னையா?"

கீச்சு யோசித்தாள். போட்டிக்குச் செய்ததில் இரண்டு நூல்கண்டுகள் இருந்தன, ஒன்று மேலே, ஒன்று தீப்பெட்டியோடு. இங்கே மேலே மட்டும்தான் கப்பி இருந்தது.

"அக்கா, கூடையிலயும் ஒரு கப்பி வேணும். கயித்தோட ஒரு நுனியை மேலயே கட்டிடுங்க. பாதி பாரத்தை அந்த இரும்புத் தாங்கியே சுமந்துக்கும்."

"கயிறு ரெண்டு மடங்கு இழுக்கணுமே."

"இழுக்கலாம். கனம் பாதிதானே."

இந்த முறை கூடை எழுந்தது. எழுந்ததோடு நிற்காமல் ஊஞ்சலும் ஆடியது. முதல் தளத்து மாமா பால்கனியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அவர் தலைமேல் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது.

"வானிலைச் செய்தியில மழைன்னு போடவே இல்லையே" என்று அண்ணாந்து பார்த்தார்.

கூடை ஆடாமல் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு மெல்லிய கயிறு கட்டினாள் கீச்சு. ஏறிய கூடை நழுவாமலிருக்க, இழுத்த கயிற்றைச் சுற்றிக் கட்டச் சுவரில் ஒரு கொக்கி வைத்தார் அக்கா. துணியை நன்றாகப் பிழிந்து வைப்பதாக மாமாவுக்கு வாக்குக் கொடுத்தாள் அம்மா.

தோள் கொஞ்சம் ஆறியதும், சித்தி கீழே வந்தாள். இடது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மெல்லிய கயிற்றைக் கீச்சு பிடித்துக்கொண்டாள். கூடை ஒவ்வொரு தளமாகக் கடந்து ஏறியது.

"இவ்வளவு லேசா?" என்று சித்தி சிரித்தாள்.

கீச்சுவும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"முன்னாடியே பண்ணியிருக்கணும் சித்தி."

சித்தி கயிற்றைக் கொக்கியில் சுற்றினாள்.

"ஆமாண்டி" என்றாள் மெதுவாக. "பண்ணியிருக்கலாம்."

பிறகு இடது கையை நீட்டினாள். "வா, கூடை மேல காத்துட்டிருக்கு."

இருவரும் வெறுங்கையோடு படியேறினார்கள். மாடியில் கூடைக்காகக் காத்திருந்த வெல்டர் அக்கா, வளைந்த கம்பியால் கூடையை உள்ளே இழுத்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். சித்தி ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். கொடியில் போடக் கையைத் தூக்கினாள். வலது கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. யாரும் பார்க்கவில்லையே என்பதுபோல் அதைச் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டாள்.

கீச்சு பார்த்துவிட்டாள். கொடியின் முடிச்சை அவிழ்த்து, சித்தியின் தோளுக்குச் சற்றுக் கீழே இறக்கிக் கட்டினாள். மறுமுனையையும் அப்படியே கட்டினாள்.

விரிப்புகள் தரையைத் தொடாமல் இருக்க, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, எல்லாவற்றையும் காயப்போட்டு முடித்தார்கள்.