வேம்புக்குப் பெயர் வந்த கதை

எங்கள் மணவாள நகரில் எனக்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போடாது. ஆனால் பக்கத்து வீட்டு வேம்புக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பது மட்டும் பத்து வருடமாக எனக்குத் தெரியவில்லை. வெட்கக்கேடு!

அது 1971. வேம்பு ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். மறுநாள் திருவள்ளூரில் பெரிய பள்ளியில் சேர வேண்டும். அங்கே ஃபாரத்தில் எழுதும் பெயர்தான் கடைசிவரை நிற்கும்.

"மல்லிகான்னு மாத்திக்கப் போறேன் அத்தே," என்றாள் என்னிடம். "கூடப் படிக்கிற சந்திரகலா என்னை 'கசாயம், கசாயம்'னு கூப்புடறா. ஆமா, எனக்கு ஏன் இந்தப் பேரு வெச்சாங்க?"

"பொறந்தப்பவே நீ மூஞ்சிய அப்படி வெச்சிக்கினு இருந்தே," என்றேன்.

அவள் நம்பவில்லை. நேராகத் தன் அம்மா செல்லியம்மாளிடம் ஓடினாள். நானும் முருங்கைக்கீரை பறிக்கும் சாக்கில் மதிலோரம் போய் நின்றேன்.

"மெதுவாப் பேசு, பக்கத்து ஊட்ல கேக்கப் போவுது," என்றாள் செல்லியம்மாள். "நீ பொறந்தப்போ உங்கண்ணனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. வாசல்ல வேப்பிலை கட்டியிருந்தோம். அம்மை போட்ட ஊட்டுக்காரங்க வேற ஊட்டுக்குப் போயி எதுவும் கேக்கக் கூடாது. தொட்டில்ல உனக்கு அடியில பரப்ப எல வேணுமே! உங்கப்பா கங்கம்மா அக்கா வேப்பமரத்துல ஒரு கிளையக் கேக்காமலே ஒடிச்சிக்கினு வந்துட்டாரு."

அந்தக் கங்கம்மா நான்தான்.

"அப்புறம் இன்னா ஆச்சும்மா?"

"ஒடிச்சது யாருன்னு தெரியாம அந்தக்கா தெருவுல நின்னு மூணு நாளு திட்டுச்சு. உங்கப்பா தொட்டில ஆட்டிக்கினே எல்லாத்தையும் கேட்டாரு. 'இவ்ளோ திட்டு வாங்கிக் கொண்டாந்த எல. இதுதான் நம்ம பொண்ணுக்குப் பேரு'ன்னுட்டாரு."

வேம்பு சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

சற்று நேரத்தில் என் வாசலில் வந்து நின்றாள்.

"அத்தே, உங்க மரத்துக் கிளைய ஒடிச்சது எங்கப்பாதான். எனக்காகத்தான் ஒடிச்சாரு. திட்டறதா இருந்தா என்னையே திட்டிடுங்க."

அம்மை இறங்கும்வரை அந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள் நான்.

"அப்போ நாளைக்கு மல்லிகாவா?" என்று மட்டும் கேட்டேன்.

"மல்லிகாவுக்கு யாரு மூணு நாளு திட்டு வாங்கினாங்க? வேம்புன்னே எழுதச் சொல்லிட்டேன்."

மறுநாள் விடிந்ததும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்ததே நான்தான் என்று. யாராவது இல்லை என்று சொல்லட்டும், பார்க்கலாம்!