குரல் பிடிக்கும் கிடார்

கலீலுல்லா எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்தான். கைகால் கழுவி ஒளு செய்து, விடியற்காலை ஃபஜ்ர் தொழுதான். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்து, தேநீர் போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையில் ஒரு பித்தான் இல்லை, ஊசி குத்திக்கொண்டான். வில்லியனூர் கடைத்தெருவுக்கு நடந்து, ரேடியோ ரிப்பேர் கடையின் பலகைகளைக் கழற்றி அடுக்கினான். கடைசிப் பலகை கையில் இருந்தபோதுதான் அது தெரிந்தது. நசீராவின் குரல் அவனுக்கு நினைவில்லை.

அவள் சொன்னதெல்லாம் இருந்தது, அச்சடித்த வரிகள் போல. சத்தம்தான் இல்லை. மெல்லிய குரலா, கரகரப்பா, மூக்கால் பேசுவாளா, தெரியவில்லை. பிரசவத்தில் அவள் இறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. சுற்றுவட்டாரத்து டேப் ரிக்கார்டரெல்லாம் அவன் கைக்கு வந்துதான் போகும். ஒருமுறை அவளைப் பேசச் சொல்லிப் பதிந்திருக்கலாம். பதியவில்லை. பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாலிடரிங் கம்பியைச் சூடாகப் போட்டான்.

பத்து மணிவாக்கில் தங்கராசு வந்தான். கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மெல்லிசைக் குழு நடத்துபவன். கலீலுல்லா அவனுக்குக் கிடார் வாசிப்பான். வாசித்துக்கொண்டிருந்தான் என்று சொல்ல வேண்டும்.

“இன்னா பாய், நேத்து வெச்ச எடத்துலயே கீது மூஞ்சி?”

“சொல்லு.”

“பாகூர்ல ஒரு சொல்தா வூட்ல பழைய கிடார் கீதாம். பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோன் போனப்ப வாங்கனதாம். வயிறு உப்பலா, வயலினுக்கு இருக்கற மாதிரி நெளிஞ்ச ஓட்டை வெச்சி, கரண்ட்ல பாடுமாம்பா! ஆளு போய்ட்டாரு. சம்சாரம் விக்குது. நல்லாக்கீதுன்னு நீ சொன்னா எடுத்துடுவேன்.”

“நீயே போய்ப் பாரேன்.”

“நான் எங்க போறது? அந்தம்மா உங்க ஆளுங்க. புருசன் செத்து இத்தாவுல கீது. ஆம்பள கண்ணுல படாம தெரைக்கு அந்தாண்ட இருந்துதான் பேசுமாம். தெரைகிட்ட நின்னு நான் இன்னாத்தப் பேச? சிரிப்பு வந்துடும் எனக்கு. நீதான் பதவிசா போய் வருவ. ஹாஜா மைதீன்னு அதோட தம்பி, அவங்கிட்ட போன வாரமே சொல்லி வெச்சிட்டேன்.”

மாலை அஸர் தொழுதுவிட்டுக் கலீலுல்லா பாகூர் பஸ் ஏறினான்.

ஏரிக்கரைப் பக்கம் தெருவின் கடைசி வீடு. வானம் கறுத்து, காற்று அடங்கி, ஏரியிலிருந்து வந்த சேற்று வாடை முழங்கால் உயரத்தில் அசையாமல் கிடந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. ஹாஜா மைதீனைக் காணோம். கலீலுல்லா செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்று ஸலாம் சொன்னான். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே தரை வரைக்கும் தொங்கிய பச்சைத் திரை லேசாக உள்வாங்கியது.

“உட்காருங்க. கட்டில் மேல இருக்கு.”

பதில் ஸலாம் வரவில்லை. வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தான். இத்தாவில் இருக்கும் பெண்ணின் திரையைப் பார்ப்பதே மரியாதை இல்லை. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். திரும்பிப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியைத் திறந்தான். பதநீர்ப் பாகு நிறத்தில், முன்னும் பின்னும் மரத்தைச் செதுக்கியே உப்பவைத்த கிடார், சிவப்பு வெல்வெட்டில் படுத்திருந்தது. எடுத்துக் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வளைவில்லை. கம்பிகளில் துரு; ஆனால் மீட்டியபோது சுருதி பிசகாமல் நின்றது. துரு ஏறும் வரை பெட்டியில் கிடந்த கம்பி அப்படி நிற்காது. விரல் முட்டியால் முன்பலகையைத் தட்டிக்கொண்டே வந்தான். உள்ளே ஒட்டிய கட்டை எங்காவது விட்டிருந்தால் தகரம் போலச் சத்தம் வரும். எங்கும் விடவில்லை. நெளிந்த துளை வழியாக, ரேடியோ வேலைக்கு வைத்திருக்கும் நீளக்காம்புக் கண்ணாடியை நுழைத்து டார்ச் அடித்தான். ஒன்றும் தெரியவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் கண்ணாடி பனித்திருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி நுழைத்தான். மறுபடி பனித்தது.

மழைக்காற்று, என்று சொல்லிக்கொண்டான். மூக்கைத் துளையருகே கொண்டுபோனான். பழைய மரத்தின் வாசம் இல்லை. ஈரத் துணி. கற்பூரம். பன்னீர். நசீராவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வெளியே கொண்டுவந்தபோது இருந்த அதே வாசனை.

“கரண்ட்ல போட்டுப் பாருங்க,” என்றது திரை.

கட்டிலுக்கடியில் வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. ஒயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டான். வால்வுகள் மெதுவாகச் சிவந்து, தூசி கருகும் வாடை எழுந்தது. ஸ்பீக்கரில் ஆழமான இரைச்சல் ஏறி நின்றது. கம்பிகளைச் சேர்த்து மீட்டினான். நல்ல நாதம். மழைக்கு முன் தாழ்வாரத்தில் புறா முனகுவது போல.

“எத்தனை நாளா வாசிக்காம இருக்கு?”

“அவங்க போனதிலிருந்து.”

பதில் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வந்தது, ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. அவன் தலையாட்டினான். தெரிந்த கோளாறுதான். கம்பிகளின் அதிர்வை வாங்கும் பிக்கப்பில், சுற்றிய கம்பிக்கு இடையே மெழுகு காய்ந்துபோனால் அது மைக் போல வேலை செய்யும். பக்கத்தில் பேசுவதையும் வாங்கிக்கொள்ளும்.

“பிக்கப் குரலைப் பிடிக்குது. மெழுகு ஊத்தினா சரியாயிடும்.”

“வேணாம். பிடிக்கட்டும். உங்க வூட்ல யாரு இருக்காங்க?”

“யாருமில்ல. சம்சாரம் மவுத்தாயிட்டா.”

“பேரு?”

அந்நியரிடம் மனைவி பேரைச் சொல்லும் வழக்கமில்லை. ஆனாலும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி வெகுநாளாகியிருந்தது.

“நசீரா.”

ஸ்பீக்கரில் அந்தச் சொல் அவன் குரலிலேயே பெரிதாக விழுந்தது. பிறகு இரைச்சல் நின்றது. வால்வுகள் சிவப்பாகத்தான் இருந்தன. அந்த அமைதிக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக. விடவில்லை.

“யாருப்பா அது உள்ள?”

தெருவிலிருந்து. எதிர்வீட்டு வாசலில், காலி மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண்.

“கிடார் பார்க்க வந்தேங்க. அம்மாகிட்ட பேசிக்கிட்டு...”

“எந்த அம்மா? அதைத்தான் முந்தாநேத்தே கடலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி வெச்சி தூக்கிட்டுப் போனாங்களே! தம்பிகாரனும் அங்கதான் கீறான். சாவி தோ, இந்தக் கெங்கம்மா மடியிலதான் கீது. நீ எப்டிப் பூந்தே?”

“கதவு தொறந்திருந்தது.”

அவள் மடியைத் தடவிச் சாவியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அப்புறம் அவனுக்குப் பின்னால், உள்ளே பார்த்தாள். கூடை இடுப்பிலிருந்து நழுவியது.

“வெளிய வந்துடு சாமி. அப்டியே வந்துடு. நான் ஆளுங்களக் கூட்டியாறேன்.” கூடையை எடுக்காமலே ஓடினாள்.

கலீலுல்லா எழப்பார்த்தான்.

“மச்சான்.”

ஸ்பீக்கரில் மட்டும். திரைப் பக்கம் சத்தமே இல்லை.

சற்று அடைத்த குரல். நடுவில் ஒரு சிறு நடுக்கம். நசீராவா? ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் ஒன்றுமில்லை. இல்லை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. வெற்றிடத்தில் அந்தக் குரல் வந்து சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது.

“மச்சான், எழுந்திரிக்காதீங்க.”

கையை நீட்டிக் கரண்ட் ஒயரைப் பிடுங்கினான். வால்வுகள் மங்கின. அணைந்தன.

“என்னை மறந்துட்டீங்க.”

இப்போது கிடாரிலிருந்து வந்தது. மார்போடு அணைத்திருந்த மரம் அதிர்ந்தது. அதிர்வு விலா எலும்பில் இறங்கியது. கம்பிகள் அசையவில்லை. துளையிலிருந்து மூச்சு அவன் மணிக்கட்டில் பட்டது. ஈரமாக. குளிர்ந்து.

வாசல் திறந்திருந்தது. தெரு தெரிந்தது. முதல் தூறல் மண்ணில் விழுந்தது. நான்கு எட்டு வைத்தால் போதும்.

“இன்னும் பேசு,” என்றான்.

“வாங்க.”

“பேசு, நசீரா.”

“இங்க வாங்க. பேசறேன்.”

திரும்பினான். வந்ததிலிருந்து முதல்முறையாக. திரையில், முகம் இருக்கவேண்டிய உயரத்தில், துணி வாய் வடிவத்தில் குழிந்தது. நிமிர்ந்தது. குழிந்தது. கற்பூர வாசனை கூடத்தை நிறைத்தது.

கிடாரைக் கட்டிலில் வைத்தான். நடந்தான். திரை ஓரத்தைப் பிடித்தான். துணி நனைந்திருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்தும் அதே ஓரத்தை விரல்கள் பிடித்தன. வெளுத்து, நீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். நகங்களில் பஞ்சு ஒட்டியிருந்தது.

இரண்டு கைகளும் சேர்ந்து தூக்கின.

“என்னைப் பாருங்க மச்சான்.”

திரை பாதி உயர்ந்துவிட்டது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், ரத்தம் நிற்காது என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, நசீரா கடைசியாகச் சொன்னது அதுவல்ல, இது:

“என்னைப் பார்க்காதீங்க மச்சான்.”