கடைசி மல்லாட்டை

ஜெயத்தின் காலில் கொலுசு இருந்தது. சத்தம்தான் இல்லை.

மேட்டிலிருந்து இறங்கி ஒற்றையடிப் பாதைக்கு வந்த பிறகுதான் தையல்நாயகி அதைக் கவனித்தாள். முன்னால் போகிற சனங்களின் பேச்சும், தலைச்சுமையில் பானைகள் ஒன்றோடொன்று இடிபடும் ஓசையும், காய்ந்த பனையோலைகள் காற்றில் உரசும் சரசரப்பும், திண்டிவனம் பக்கம் ரயில் ஊதுவதும் தெளிவாகக் காதில் விழ, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கும் ஐந்து வயதுப் பெண்ணின் வெள்ளிக் கொலுசு மட்டும் ஊமையாக இருந்தது. குனிந்து பார்த்தாள். முத்துகளுக்குள் செம்மண் அடைத்திருந்தது. அட, இதற்கா பயந்தோம் என்று நிமிர்ந்து நடந்தாள்.

ஆனாலும் பயம் போகவில்லை.

யுத்தத்தின் நாலாவது வருஷம், மாசி மாதம். அந்த ஊரில் மாசியில் ஒருநாள் ஊரை ஒழித்துவிடுவார்கள். விடிவதற்குள் ஆடு மாடு, குஞ்சு குளுவான், நோயாளி என்று ஒரு உயிர் பாக்கியில்லாமல் வெளியேறி, திருவக்கரைக்குப் போகும் வழியிலுள்ள செம்மண் மேட்டில் பகலைக் கழித்து, பொழுது சாயும் நேரம் திரும்ப வேண்டும். போகும்போது எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள பானையில் ஆளுக்கொரு மல்லாட்டை, ஓடு உரிக்காத நிலக்கடலை, போட வேண்டும். திரும்பும்போது ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். பானை காலியான பிறகும் ஒரு கை நீண்டால், அது ஊரோடு போன கை அல்ல. மேட்டிலிருந்து ஊரைத் தொடர்ந்து வந்த கை. அதை வெளியே விட்டு முள்படலைச் சாத்திவிடுவார்கள். சாத்திய பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும், எந்தக் குரலில் கூப்பிட்டாலும், விடியும்வரை உள்ளே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது.

தையல்நாயகி விழுப்புரத்தில், ரயில்வேக்காரர்கள் குடியிருந்த தெருவில் வளர்ந்தவள். கட்டிக்கொண்டு வந்த ஏழு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இன்றைக்கு மத்தியானம் அந்தச் சிரிப்பு செத்துப்போயிற்று. சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தால் ஜெயத்தைக் காணோம். புருஷன் சின்னதுரை ஏரிப் பக்கம் ஓடினான். அவள் கல்மரங்களின் பக்கம் ஓடினாள். அந்த மேடு முழுக்க அவைதான். எந்தக் காலத்திலோ விழுந்து, பட்டையும் வரியும் அப்படியே இருக்கக் கல்லாய்ப்போன மரங்கள். வெயில் கொதித்தது. பேரைச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன நேரத்தில், இருப்பதிலேயே பெரிய கல்மரத்தின் அடியில், ஒரு துண்டு நிழலில், முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜெயம். அழவில்லை. எத்தனை நேரமானாலும் இவள் வருவாள் என்று தெரிந்ததுபோல் பார்த்தாள்.

தையல்நாயகி முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளையின் உடம்பு தண்ணீர்ப் பானையைப்போலச் சில்லென்று இருந்தது. நிழலில் இருந்தாள் அல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது வண்டி இல்லை. மாடுகள்தான் முதலில் ஊருக்குள் நுழைய வேண்டும் என்பதால் வண்டிகளெல்லாம் கிளம்பிவிட்டிருந்தன. ஓரகத்தி கோவிந்தம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இவள் விசும்பும் சத்தம் கேட்டு, திரும்பாமலே பேசினாள்.

"அதான் புள்ள கெடச்சிட்டுதே, இன்னும் ஏன் அழுவுற? சின்னதொர வண்டிய ஓட்டிக்கினு போயிட்டாரு. நீ ஜல்தியா வா."

பார்க்காமலே எப்படித் தெரிந்தது இவளுக்கு? தையல்நாயகியின் மனசில் முள்ளாகத் தைத்தது. பிள்ளையில்லாதவள். மல்லாட்டை பிடுங்கும்போது வாய்ச்சண்டை போட்டு இரண்டு மாதமாக முகம் கொடுக்காதவள். பிள்ளையை அந்தப் பக்கம் போகச் சொன்னதே இவளாக இருந்தால்? இருக்கும். இருக்கும்.

பாதை ஓடையைத் தாண்டியது. கூட்டம் தூரமாகப் போய்விட்டது. ஜெயத்தின் நடை தளரவில்லை, விரையவும் இல்லை. வாய் ஓயாத பிள்ளை. காக்கையைக் காட்டிக் கதை கேட்கிற பிள்ளை.

"பசிக்குதா கண்ணு?"

"பசிக்குது."

"தண்ணி வேணுமா?"

"வேணும்."

சொம்பை நீட்டினாள். ஜெயம் இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது. வெகுநேரம் குடித்தாள். சொம்பைத் திரும்ப வாங்கியபோது தையல்நாயகியின் கை தாழ்ந்தது. தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது.

"குடிக்கலியா நீ?"

"குடிக்கலியா நீ," என்றாள் ஜெயம்.

தையல்நாயகி பிள்ளையின் கன்னத்தை நிமிர்த்திப் பார்த்தாள். இடது புருவத்தில் அம்மிக்குழவி பட்ட தழும்பு இருந்தது. காதுக்குப் பின்னால் மச்சம் இருந்தது. தன் வயிற்றில் பிறந்ததைத் தானே சோதிக்கிறோமே, நான் என்ன பாவி என்று வெட்கமாகப் போயிற்று. பயந்த பிள்ளை, சொன்னதையே திருப்பிச் சொல்லும். அவள் அந்தச் சில்லென்ற கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எல்லைக்கு வந்தபோது இவர்கள்தான் கடைசி. படலுக்கு அந்தப் பக்கம் மேளம் காதைப் பிளந்தது. இரண்டு வேலமரங்களுக்கு நடுவே, மல்லாட்டைப் பானையை முன்னால் வைத்துக்கொண்டு தாண்டவராயன் குந்தியிருந்தார். கண்ணை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார். மல்லாட்டை கொடுப்பவர் முகம் பார்க்கக்கூடாது, சொந்தபந்தம் பார்க்கக்கூடாது. கை மட்டும்தான்.

"கைய நீட்டு."

நீட்டினாள். ஒரு மல்லாட்டை விழுந்தது.

"அடுத்த கை."

ஜெயம் கையை நீட்டினாள். தாண்டவராயன் பானைக்குள் துழாவினார். அடிமண்ணில் நகம் உராய்ந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"காலி," என்றார்.

"நல்லா பாருங்க மாமா!"

"இதுல பாக்க இன்னா இருக்குது? பின்னால யாரு?"

"என் பொண்ணு ஜெயம். காத்தால நீங்க இருக்கசொல்லத்தான போட்டா?"

"போட்டா. இல்லேன்னு சொல்லல." அவர் விரல் இருட்டில் தேடுவதுபோல் வந்து, நீட்டியிருந்த அந்தச் சின்ன உள்ளங்கையைத் தொட்டது. வெடுக்கென்று பின்வாங்கியது. வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். "நீ மட்டும் உள்ள போம்மா."

"கோவிந்தம்மாக்கா ரெண்டு வாங்கிக்கினு போயிருப்பாங்க! என் புள்ளய வெளிய நிறுத்தணும்னே பண்ணியிருக்காங்க!"

"ஒரு கைக்கு ஒண்ணுதான் குடுத்தேன். என் கை தப்பாது."

"ஏங்க! இங்க வாங்க!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். எல்லையை ஒட்டிய முதல் வீடு அவர்களுடையதுதான். அவன் பின்கட்டில் மாடு கட்டிக்கொண்டிருப்பான். மேளச் சத்தத்தில் குரல் எடுபடவில்லை.

வானம் சிவந்து கறுத்துக்கொண்டு வந்தது. படல் இழுக்க இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"அஞ்சு வயசுப் புள்ளய ராத்திரி பூரா காட்டுல உட்டுட்டு நான் போவணுமா?"

"கொட்டை எந்தக் கையில இருக்குதோ, அந்தக் கை உள்ள. அவ்ளோதான் எனக்குத் தெரியும். ஜல்தி. பொழுது எறங்குது."

ஒரே நொடி. சொம்பு நினைவுக்கு வந்தது. கொலுசு நினைவுக்கு வந்தது. தாய் மனசு அத்தனையையும் தள்ளிவிட்டது. ஒரு ராத்திரிதானே! கல்லின்மேல் உட்கார்ந்து கழித்துவிடலாம். காலையில் இருக்கிறது கோவிந்தம்மாளுக்கு.

தன் கையிலிருந்த மல்லாட்டையை ஜெயத்தின் கையில் வைத்து மூடினாள்.

"அப்பாகிட்ட போ. ஓடு."

ஜெயம் ஓடவில்லை. நடந்து போனாள். முள்படல் மண்ணை வாரிக்கொண்டு நகர்ந்து அடைத்துக்கொண்டது. தாண்டவராயன் கண்கட்டை அவிழ்த்தார். இந்தப் பக்கம் திரும்பாமலே பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மேளம் நின்றது.

அப்போதுதான் கேட்டது. கலீர். கலீர்.

கொலுசு.

பின்கட்டிலிருந்து சின்னதுரை வந்துகொண்டிருந்தான். தோளில் ஒரு பிள்ளை. தூக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. தொங்கிய காலில் கொலுசு குலுங்கியது.

"அம்மா எங்கப்பா?"

"வந்துடுவா கண்ணு. ஏரிக்கரையில உன்னப் புடிச்சி வண்டியில போட்டதுலேர்ந்து இன்னா தூக்கம் தூங்குற நீ!"

தையல்நாயகி முள்ளைப் பிடித்தாள். உள்ளங்கை கிழிந்தது.

அவள் உள்ளே அனுப்பிய மற்றது அவனருகில் போய் நின்றது. சின்னதுரை குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. வந்தது, போய்விட்டது. அதன் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"ஏங்க! அத தொடாதீங்க! அது நம்ம புள்ள இல்ல!"

அவன் உடம்பு விறைத்தது. திரும்பவில்லை.

தோளிலிருந்த ஜெயம் நிமிர்ந்தாள். "அம்மா!"

அவன் பிள்ளையின் முகத்தைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டான்.

"திரும்பாத கண்ணு. அது அம்மா இல்ல."

"நான்தாங்க! தையலுங்க!"

"அது அம்மா இல்ல. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

கீழே நின்றது மட்டும் திரும்பியது. படலின் இடுக்கு வழியாக அவளைப் பார்த்தது. மல்லாட்டையை ஓட்டோடு வாயில் போட்டு மென்றது. பிறகு சின்னதுரையின் விரலைப் பிடித்துக்கொண்டு படியேறியது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே விளக்கு எரிந்தது.

கலீர். கலீர்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.