வால் தெரியும் படம்

கடப்பாக்கத்தில் அப்துல் சுபஹான் வீட்டார் யாரிடமும் சும்மா உதவி கேட்டதில்லை. அவர் மகள் ஷஃபானாவுக்குப் பதினோரு வயதுதான். அவளுக்கும் அது தெரியும்.

அவள் அத்தா சுபஹான் மஸ்கட்டில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். இப்போது விடியலில் தெரிகிற வால் நட்சத்திரம் அவரையும் மிஞ்சிவிட்டது. எண்பதாயிரம் வருடத்துக்கு ஒருமுறைதான் வருமாம்!

அங்கே அவர் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். "வால் தெரியற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பும்மா" என்று கேட்டிருந்தார். எதையும் இரண்டாம் முறை கேட்கிறவர் அல்லர் அவர்.

இரண்டு நாளாக ஷஃபானா விடியுமுன் அம்மா சைனம்புவோடு கடற்கரைக்கு வந்தாள். படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் விழுந்தது. பக்கத்தில் திருநாவுக்கரசு மாமா பெரிய விளக்கைப் போட்டு, வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சம் வாலை விழுங்கிவிட்டது. தள்ளிப் போகலாமென்றால் ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் தெருவிளக்கு.

மூன்றாம் நாளுக்குப் பிறகு அது சூரியனை நெருங்கிவிடும், விடியலில் தெரியாது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஷஃபானா நேராக வலையருகே போய் உட்கார்ந்தாள். முதல் நண்டே அவள் விரலைக் கவ்வியது. அவள் முகம் சுளிக்கவில்லை.

"இன்னா பாப்பா, போட்டோ புடிக்கலையா?" என்றார் திருநாவுக்கரசு.

"இது முடிஞ்சா லைட்ட அணைப்பீங்கல்ல மாமா? அத்தாவுக்கு வால் தெரியணும்."

அவர் கை நின்றது. "இத்த மொத நாளே சொல்றதுக்கு இன்னா? ரெண்டு நாளா நான்தான் மறைச்சுகினு குந்தினு இருந்தேனா?"

விளக்கை அணைக்க எழுந்தவரை அவள் தடுத்தாள். "இன்னும் கொஞ்சந்தான் மாமா. முடிச்சிட்டே அணைங்க."

கிழக்கு வெளுக்கப்போவதைப் பார்த்த சைனம்பு முந்தானையைச் செருகிக்கொண்டு தானும் உட்கார்ந்தாள். ஆறு கைகள் பரபரத்தன.

விளக்கு அணைந்தது. மணலைக் குவித்துப் போனை அதில் நட்டாள் ஷஃபானா. படம் பதியும் அந்தப் பத்து விநாடியும் மூவரும் அசையவில்லை.

கடலுக்கு மேலே அகலமான வால் ஒன்று வானம் நோக்கி எழும்பி நின்றது. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் படத்தில் நூலாக விழுந்திருந்தது.

அனுப்பிய மறுநிமிடமே அத்தாவின் குரல் வந்தது. அங்கே இன்னும் மணி நாலாகவில்லை.

"ரெண்டு வாலும் நல்லாத் தெரியுதும்மா. நீ எங்க? உன்னக் காணோமே."

ஷஃபானா போனைத் தன் பக்கம் திருப்பினாள். வால் நட்சத்திரம் மறைகிற அளவுக்கு விடிந்திருந்தது. ஒரு முகம் தெரிய அது போதும்.