ஸ்டானின் விரல்

பெரிய ஸ்டானின் விரல் கீழே இறங்கியிருந்தது.

ஜில்லியன் முதலில் அதை வெயிலின் கோளாறு என்றுதான் நினைத்தாள். நாற்பத்திரண்டு டிகிரியில் தார்ச்சாலை நெளிந்தது. பாதி அறுவடையான கோதுமை வயல்களின் தூசி காருக்குள் புகுந்து நாக்கில் மாவுபோல ஒட்டியது. அந்தக் கானலுக்குள், யரபின் ஊருக்குப் பிரியும் திருப்பத்தில், டீசல் பீப்பாய்களை வெட்டி ஒட்டிய இருபதடி இரும்பு மனிதன் ஸ்டான் எப்போதும்போல டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் செய்தது, எப்போது வைத்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வலது ஆள்காட்டி விரல் மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து உயர்ந்தே இருக்கும். எதிரே வரும் வண்டிக்கு இந்தப் பக்கத்தில் எல்லோரும் வைக்கும் வணக்கம் அது. கையாட்ட மாட்டார்கள், ஹார்ன் அடிக்க மாட்டார்கள். ஒரு விரலைத் தூக்குவார்கள், அவ்வளவுதான். ஸ்டானைக் கடக்கும்போதும் தூக்குவார்கள்.

இப்போது அவனுடைய பத்து விரல்களும் ஸ்டியரிங்கில் படிந்திருந்தன. பற்றவைத்த இரும்பு. எப்படி மடங்கும்?

"அம்மா, கிழவன் கோவிச்சுக்கிட்டான் போல," என்று சிரித்தாள் டெகன். அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது, முன்கண்ணாடியில் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான மஞ்சள் 'எல்' அட்டை. "காலைல நீதானே என்னைத் தூக்க விடல?"

உண்மைதான். ஊருக்குப் போகும்போது ஸ்டானைப் பார்த்ததும் டெகனின் விரல் பழக்கத்தில் எழுந்தது. ஜில்லியன்தான் அதட்டினாள். "கையை எடுக்காத! வியாழக்கிழமை டெஸ்ட்ல இப்படித் தூக்கினா அந்தாளு அங்கேயே ஃபெயில் பண்ணிடுவான். என்ன ஆனாலும் ரெண்டு கையும் ஸ்டியரிங்லயே இருக்கணும்." சொல்லிக்கொண்டே, பழக்க தோஷத்தில், தன் விரலை மட்டும் மடியிலிருந்து தூக்கினாள்.

எதிரே நெவிலின் வெள்ளைப் பிக்கப் வந்தது. அடுத்த பண்ணைக்காரன். காலையில்தான் கடைவாசலில் டெகனைச் சீண்டினான்: "நீ வண்டியெடுக்கிற நாளைச் சொல்லிடு தாயே, என் ஆடுங்களை உள்ள கட்டிடறேன்." ஜில்லியன் விரலைத் தூக்கினாள். நெவிலின் பார்வை அவர்களைத் தாண்டி ஸ்டான்மேல் போனது. பிறகு டெகன்மேல். தூக்கிய விரலை மெல்ல இறக்கிக்கொண்டு வயல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நெவில் அங்கிளுக்கு என்னம்மா?"

அவனுக்குப் பின்னால் வந்த தானிய லாரியில் ஊர்க்காரி காலீன். அவளும் விரலைத் தூக்கவில்லை.

ஜில்லியனுக்கு எட்டு வயதில் பார்த்த கிரீம் நிறக் கார் ஒன்று நினைவுக்கு வந்தது. இதே சாலை. அதற்குள் ஒரு பெண் தன் முழுக்கையையும் வெளியே நீட்டி, கெஞ்சுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டியவன் அசையவில்லை. அப்பா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, "பார்க்காத," என்று மட்டும் சொன்னார். ஏனென்று அவளும் கேட்கவில்லை. இந்த ஊரில் கேட்க மாட்டார்கள்.

கணவனுக்கு ஃபோன் செய்தாள்.

"ரஸ், நெவில் எங்களைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். ஸ்டானோட விரல்..."

"போகும்போது தூக்கினீங்கதானே?"

"நான் தூக்கினேன்."

"யாரு ஓட்டினது?"

"டெகன்," என்றாள். மறுமுனையில் அறுவடை இயந்திரம் நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

"டெகன், திரும்பு. ஸ்டான்கிட்ட போய் விரலைத் தூக்கிட்டு வந்துடலாம். இப்பவே."

"அம்மா." குரல் சின்னதாக இருந்தது. "கை வரல."

"விளையாடாதடி."

"நிஜமா. விரல் எதுவும் பிரியல. வண்டியும் திரும்ப மாட்டேங்குது. நீ சொன்னேன்னுதானே நான்..."

ஜில்லியன் மகளின் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்தாள். வெயிலில் கிடந்த இரும்புபோலச் சுட்டது. வளையவில்லை. நகம் கிழியும்வரை இழுத்தாள். கிழிந்தது ஜில்லியனின் நகம்.

"ஐயோ கண்ணு, எதாவது பேசு. பேசிக்கிட்டே இரு."

டெகன் பேசவில்லை.

பண்ணை வாசலில் கார் தானாக நின்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரஸ். ஜில்லியன் குதித்து ஓடினாள். அவன் கேட்டை மூடினான். சங்கிலியை ஒருமுறை சுற்றினான். இரண்டாம் முறை. முகமெல்லாம் நனைந்திருந்தது.

"ரஸ், அவ நம்ம பொண்ணு!"

"நீ மட்டும் வா, ஜில்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ தூக்கினே. உனக்கு ஒண்ணும் ஆகாது. வேலி ஏறி வந்துடு."

அவள் காருக்குத் திரும்பினாள். இன்ஜின் அணைந்திருந்தது. எங்கும் சத்தமில்லை. டெகன் நேராக உட்கார்ந்திருந்தாள். அழகாக, பரீட்சைக்கு உட்கார்வதுபோல. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

ஜன்னல் வழியாக ஓர் ஈ உள்ளே போனது. கன்னத்தில் உட்கார்ந்தது. மேலே ஏறியது.

திறந்திருந்த கண்ணின் மேல் நடந்தது.

டெகன் இமைக்கவில்லை.