உட்கார வைக்கச் சொன்னவன்

குழாயை மூடிய பிறகுதான் அந்தச் சத்தம் மலர்விழியின் காதில் விழுந்தது. அவள் குடுவை கழுவிக்கொண்டிருந்தது முதல் மேசைத் தொட்டியில். சத்தம் வந்ததோ லேபின் மறுகோடியில், யாரும் புழங்காத கடைசி மேசைத் தொட்டியிலிருந்து. தொட்டியின் ஓட்டைக்கு அடியில் எங்கோ களகளவென்று குமிழ் எழும்பியது, நின்றது, பிறகு எதையோ இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் எழும்பியது. அவள் ஈரக் கையோடு கிட்டே போய்க் குனிந்தாள். தொட்டி வறண்டு, அடியில் தூசி படிந்து கிடந்தது.

குழாய் வேலை பார்க்கும் சுப்பராயலு மறுநாள் வந்து அடிக்குழாயைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்று புகுந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வேலைக்குச் சேர்ந்து அது மூன்றாவது வாரம். திண்டிவனத்தை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் லேப். தன் ஊரான காணையிலிருந்து விழுப்புரம் வந்து, பஸ் மாறி, ஒன்பது மணிக்குள் கதவைத் திறந்துவிட வேண்டும். பதினோரு வருஷம் இதே பஸ்ஸில் வந்து, இதே கதவைத் திறந்து, இதே குடுவைகளைக் கழுவியவன் அவள் புருஷன் திருமுருகன். அவன் செத்து ஏழு மாதம் கழித்து நிர்வாகம் அவன் வேலையை அவளுக்குக் கொடுத்தது.

போன பங்குனியில் ஒரு நாள் காலை, லேபின் மேல்தட்டிலிருந்து நைட்ரிக் ஆசிட் பாட்டில் நழுவி, செம்புத் துருவல் வைத்திருந்த தட்டில் விழுந்து உடைந்தது. குபுகுபுவென்று செம்பழுப்பாகப் புகை கிளம்பியது. திருமுருகன் படிக்கும் பிள்ளைகளை வெளியே விரட்டிவிட்டு, தான் மட்டும் உள்ளே நின்று மணலையும் சோடா உப்பையும் கொட்டி அதை அடக்கினான். கொஞ்சம் இருமினான். முகம் கழுவினான். டீ கூடக் குடித்தான். லேப் பொறுப்பாளர் அமலா மேடம் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பி வைத்தார். ஒரு மணிக்கு வீடு வந்தவன், சாயங்காலம் ஆறு மணிக்கு உயிரோடு இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். மலர்விழியும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அமலா மேடம் அவளுக்கு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது, ரப்பர் குமிழைப் பொருத்தித்தான் இழுக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். புகை கிளப்பும் எதையும் கடைசி மேசைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். மலர்விழி பிளஸ் டூ வரை படித்தவள். ஒவ்வொன்றையும் ஒருமுறை கேட்டதுமே பிடித்துக்கொண்டாள்.

முதலுதவிக்குச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. குண்டு குண்டான எழுத்து. பார்த்ததும் புருஷன் எழுதியது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் மேடம் அதை வரிவரியாகப் படிக்கச் சொன்னார். தீக்காயம், வெட்டுக்காயம், கண் என்று படித்துக்கொண்டே வந்தவள் ஐந்தாவது வரியில் நின்றுவிட்டாள்.

விஷப்புகையைச் சுவாசித்தவரைக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வைக்கவும். மூச்சுத் திணறினால் படுக்க வைக்கக் கூடாது. நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும்.

"இது மெய்யா மேடம்?"

மேடம் மேசையைப் பார்த்தபடி தலையசைத்தார். பிறகு, அந்தப் புகை உள்ளே போனவுடனே ஒன்றும் செய்யாது, சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும் என்று மெதுவாகச் சொன்னார். அவன் நன்றாகத்தான் பேசினான், அதை நம்பி அனுப்பிவிட்டேன் என்றார்.

"அன்னிக்கி கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கற வேலை மேடம்," என்றாள் மலர்விழி. "சோத்துக்கு வந்தேன். மூச்சு வாங்குது, என்னைப் புடிச்சி உக்கார வையி மலருன்னாரு. எனக்கு ஆளுங்க காத்துக்கினு இருக்காங்கன்னு அவசரம். நான்தான் மேடம் படுக்க வெச்சேன். போர்வைய இழுத்து மூடிட்டு, கதவ சாத்திட்டுப் போனேன்."

மேடம் அவள் கையைப் பிடித்தார். மலர்விழிக்கு அழுகை வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது அவன் வாயோரத்தில் இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருந்ததும், மூடிய போர்வை மூடியபடியே இருந்ததும், அவன் இடது கை மட்டும் வெளியே வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்ததும் அவளுக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவன் எழுந்து உட்காரப் பார்த்திருக்கிறான்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் தொட்டிக்குள் அடங்கி இருக்கவில்லை. மேசைக்கு அடியில் கேட்டது. ஒருநாள் அலமாரிக்குப் பின்னால். பிள்ளைகள் இருக்கும்போது பர்னர் இரைச்சலில் அமுங்கிவிடும். அவர்கள் போனதும் மூக்கில் ஏறும் ஆசிட் நெடியோடு சேர்ந்து திரும்பி வரும். கண்ணாடிக் கூண்டின் உட்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படர்ந்து, சுருங்கி, மறுபடி படர்வதை அவள் இரண்டு முறை பார்த்தாள். வேலையை விட்டுவிடலாம் என்று பஸ்ஸில் நினைப்பாள். காலையில் எழுந்து மறுபடி கிளம்பி வருவாள். அவனைத் தனியே விட்டுப் போவது இது இரண்டாம் தடவையாகிவிடும் என்று பயந்தாள்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். மறுநாள் செய்முறைத் தேர்வு. மேடம் கேள்வித்தாள் வாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தார். ஐந்தரைக்கே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் தகரத்தில் மழை கொட்டும் ஓசையும், கூண்டு மின்விசிறியின் உறுமலும், பியூரெட்டுகளை அவள் ஸ்டாண்டில் மாட்டும்போது எழும் கண்ணாடிக் கிணுகிணுப்பும் ஒன்றோடொன்று கலந்து, வேறு எதுவும் கேட்காமல் இருந்தது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

கரண்ட் போனது.

மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மழையும் யாரோ கையமர்த்தியதுபோல் தணிந்தது.

களக். களக். இழுப்பு.

இந்த முறை சத்தம் தரையிலிருந்து வந்தது. கடைசி மேசைக்குப் பின்னால்.

அவள் கதவைப் பார்த்தாள். பத்து அடி. போய்விடலாம்.

களக். களக். இடைவெளி நீண்டது. மிக நீண்டது.

"மலரு."

நீருக்குள்ளிருந்து வந்தது குரல்.

"உக்கார வையி மலரு."

ஆனாலும் சத்தத்தை நோக்கிப் போனாள். மேசையைப் பிடித்துக்கொண்டே. ஒவ்வொரு அடியாக. மேசைக்கு அப்பால் அவன் மல்லாந்து கிடந்தான். கழுத்துவரை போர்வை. அவள் மூடியது போலவே. இடது கை மட்டும் வெளியே வந்து, மேசைக்காலைப் பற்றியிருந்தது. முகம் இருட்டில் தெரியவில்லை. தெரியாதது நல்லது என்று நினைத்தாள்.

மண்டியிட்டாள். அவன் அக்குளில் கை கொடுத்தாள். சில்லென்று, ஈரமாக, எட்டு மாத மண்ணின் கனத்தோடு. தூக்கினாள். முதுகைக் கூண்டின் அடிச்சுவரில் சாய்த்து உட்கார்ந்து, அவனைத் தன் மேல் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டாள்.

"உக்காந்துட்டீங்க. மூச்சு விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவன் தாடை அவள் தோளில் பதிந்தது. நுரை வழிந்து ரவிக்கையை நனைத்தது. நெஞ்சுக்குள் குமிழ்கள் உடைவதை அவள் தன் நெஞ்சில் உணர்ந்தாள். அழுதாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக. கதவ சாத்திட்டுப் போனதுக்கு மன்னிச்சிருங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் கை அவள் முதுகைச் சுற்றி வந்தது. இறுகியது. இன்னும் இறுகியது. மூச்சு இளகவில்லை. களக். களக். அவள் தொண்டையிலும் ஏதோ கரகரத்தது.

விளக்கு எரிந்தது.

கடைசி மேசையோரம் அமலா மேடம் வந்து நின்றிருந்தார். கையில் கேள்வித்தாள் கட்டு. அவர் மலர்விழியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, ஒரு சாண் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு நழுவிக் கீழே விழுந்தது. ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி.

மலர்விழி திரும்பிப் பார்க்கவில்லை. பிடியைத் தளர்த்தவில்லை.

காதோரத்தில் ஒரு மூச்சு உள்ளே போனது. நீளமாக. வெளியே வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.